நெட்டுக்குப்பத்தில் என் கைநாட்டைத் தேடிப் போனேன்

ஐப்பசி மாதம் இரண்டாவது சனிக்கிழமை ராயபுரத்திலிருந்து எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்குப் போய் வந்தேன். கடலைப் பார்க்கப் போகவில்லை. ஒரு தாளைப் பார்க்கப் போனேன். போன வருஷம் ஆடியில், மகள் கன்னியம்மா வீட்டில் நான் தங்கியிருந்தபோது, பல்கலைக்கழகத்திலிருந்து நாலு பேர் தராசோடு வந்தார்கள். வீட்டு வாசல்களில் இருந்த விறகை எடை போட்டார்கள். அங்கே இருந்ததில் வயதான ஆள் நான் என்பதால் ஒரு தாளை நீட்டி, கட்டைவிரலை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தத் தை மாதம்தான் எழுதப் படிக்க நம் மாலை வகுப்பில் சேர்ந்தேன். புரட்டாசியில் முழுப் பக்கம் படிக்க வந்துவிட்டது. அதே புரட்டாசியில்தான் மீன் கூடைக்காரப் பெண் மூலம் கன்னியம்மா சேதி அனுப்பினாள். ரேஷன் கார்டுக்கு ஆறு லிட்டர் கிடைத்த மண்ணெண்ணெயை மூன்றாகக் குறைக்கப் போகிறார்களாம். நெட்டுக்குப்பத்தில் விறகு ஏராளமாக இருக்கிறது, இவர்களுக்கு எண்ணெய் எதற்கு என்று ஆய்வில் எழுதியிருக்கிறதாம். ஐப்பசி இரண்டாவது சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பேராசிரியரும் சப்ளை ஆபீசரும் வந்து அதைப் படித்துக் காட்டி முடிவு செய்வார்களாம். "நைனா கை வெச்ச தாளுதான் அது" என்று சொல்லச் சொன்னாளாம்.

நம்மில் பலருக்குக் காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் இப்படிக் கூட்டம் நடக்கப் போகிறது என்கிறார்கள். போகிறவர்களுக்கு உதவட்டும் என்று டீச்சர் இதை நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதச் சொன்னார். எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆனது.

காலை ஏழு பத்துக்குக் கல்மண்டபத்தில் பஸ் ஏறினேன். திருவொற்றியூர் தேரடி வரை நாலு மைல், முப்பது காசு. முப்பது வருஷம் துறைமுகத்தில் கரி சுமந்தபோது இதே சாலையில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அப்போது கடைகளை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும். இப்போது ஒவ்வொன்றும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வந்தது. தண்டையார்பேட்டையில் நான் சலூன் என்று நினைத்துக்கொண்டிருந்த கடை பல் வைத்தியர் கடை! என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

தேரடியில் டீ குடித்தேன், பதினைந்து காசு, நல்ல டீ. எட்டு ஐந்துக்கு எண்ணூர் பஸ். கண்டக்டர் என்னைப் பார்த்ததும், பெருசு, இது எண்ணூர் போறது, தெரிஞ்சுதான் ஏறினியா என்று கேட்டார். போர்டைப் படித்துவிட்டுத்தான் ஏறினேன் என்றேன். அவருக்கு நம்பிக்கை இல்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, "அப்ப இதுல இன்னா போட்டுகீது, படி பார்ப்போம்" என்றார். முப்பத்தைந்து காசு என்று படித்தேன். அதோடு நிறுத்தாமல், பின்பக்கம் இருந்ததையும் படித்தேன்: பரிசோதகர் கேட்டால் காட்ட வேண்டும். "மாமு, ஷோக்கா படிக்கிறியே, நம்ம வேலைக்கு வேட்டு வெச்சிடுவ போலகீதே" என்றார். பஸ்ஸே சிரித்தது. ஐந்து மைலும் எனக்குச் சந்தோஷமாகப் போயிற்று.

தீப்பெட்டித் தொழிற்சாலை தாண்டியதும் எண்ணூர் மின்சார நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியத் தொடங்கின. அந்த மின்சார நிலையம் எரிப்பது கரி. கப்பலில் வரும் கரியைக் கடைசி வருஷங்களில் நாங்கள் கூடை கூடையாகத் தலையில் சுமந்திருக்கிறோம். அங்கிருந்து கிளம்பும் மின்சாரக் கம்பிகள் குப்பத்தின் தலைக்கு மேலேயே போகின்றன. கம்பிக்குக் கீழே கன்னியம்மா வீட்டில் சிம்னி விளக்கு. அதை ஏற்றத்தான் அந்த மண்ணெண்ணெய். மழைக்காலத்தில் விறகு நனைந்துவிட்டால் சோறு பொங்கவும் அதுதான். இனி அதிலும் பாதி என்றால் ஐப்பசி கார்த்திகை முழுக்க ஒரு வேளைச் சோறு, இருட்டில் சாப்பாடு.

எண்ணூர் பஸ் நிற்கும் இடத்திலிருந்து குப்பம் ஒன்றரை மைல். ரிக்‌ஷாக்காரர் ஒரு ரூபாய் கேட்டார். நடந்தேன். நாற்பது நிமிஷம் ஆனது. மழை பெய்திருந்ததால் வழியெல்லாம் சேறு, செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது.

கன்னியம்மா வாசலிலேயே நின்றாள். வா என்று சொல்லவில்லை.

"இன்னா நைனா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? நீ பாட்டுக்குக் கை வெச்சிட்டுப் பூட்ட. தண்ணி புடிக்கப் போனா கூட, உங்கப்பன்தான எண்ணெய வெட்டுனதுன்றாளுங்க. நான் இன்னான்னு சொல்றது?"

என்னைக் கேட்டால் அவள் குறைவாகத்தான் பேசினாள்.

பதினோரு மணிக் கூட்டம் பன்னிரண்டேகாலுக்குத் தொடங்கியது. படகு கட்டும் கொட்டகையில் இரண்டு நாற்காலி, ஒரு மேஜை. பேராசிரியர் நல்ல மாதிரி மனிதர், சத்தம் போடாமல் பேசினார். அரபு நாடுகளில் எண்ணெய் விலை ஏற்றிவிட்டார்கள், யார் எதை எவ்வளவு எரிக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும் என்றார். விறகும் கரியும் எரிந்து புகை மேலே போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தால், நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் வெயிலும் மழையும் மாறிப்போகலாம் என்று சில விஞ்ஞானிகள் பயப்படுகிறார்கள் என்றும் சொன்னார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. கடல்காரர்களுக்கு இதெல்லாம் சுலபமாகப் புரியும்.

அதன் பிறகு நெட்டுக்குப்பத்தின் கணக்குக்கு வந்தார். வீட்டுக்கு ஒரு நாளைக்கு இருபத்திரண்டு கிலோ விறகு. அதை முப்பதால் பெருக்கி மாதக் கணக்கு. இவ்வளவு விறகும் இவ்வளவு புகையும் இருக்கும் இடத்துக்கு மூன்று லிட்டர் மண்ணெண்ணெய் போதும். கூட்டத்தில் சத்தம் எழுந்தது. ஒரு பெண், அந்தப் புகைபோக்கியின் கரியைத் தராசில் நிறுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டாள். அது எங்கள் ஆய்வில் வராது, வேறு துறை என்றார் பேராசிரியர். தலைக்கு மேலே நிற்பது வேறு துறையாம். அடுப்படியில் இருப்பது மட்டும் இவர்கள் துறையாம்.

சப்ளை ஆபீசருக்கு அவசரம். உங்கள் ஆளே உறுதி சொல்லிக் கைநாட்டு வைத்திருக்கிறார், அப்புறம் என்ன பேச்சு என்று ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்துபோய் அந்தத் தாளைக் கேட்டேன். உங்களுக்கு அது புரியாது பெரியவரே என்றார் பேராசிரியர், மரியாதையாகத்தான். என் விரல், நான் பார்க்கக்கூடாதா என்றேன். கொடுத்தார்.

நின்றுகொண்டே படித்தேன். நான் வேகமாகப் படிக்கிறவன் இல்லை. ஆபீசர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைப்பு, தேதி, வீடுகளின் எண்ணிக்கை, வீட்டு வாசலில் இருந்த விறகு. கடைசியில், 'மேலே கண்டது இக்குப்பத்தின் அன்றாட எரிபொருள் என்று உறுதி கூறுகிறேன்' என்று இருந்தது. அதன் கீழே என் விரல். அன்று அந்தப் பையன் என்னிடம் கேட்டது, இது உங்கள் வீடுகளின் விறகுதானே என்று மட்டும்தான். ஆமாம் என்றேன். அன்றாடம் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த உறுதிமொழிக்கு மேல் சின்னதாக இன்னொரு வரி. அதையும் விடாமல் படித்தேன். 'அன்று கடலுக்குச் சென்ற கட்டுமரங்கள்: இல்லை.'

படித்ததும் பட்டைச் சாயத்தின் வாசனை என் மூக்கில் ஏறியது. அது வலை வேகவைத்த நாள். பருத்தி வலை உப்புத்தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்க, சில வாரங்களுக்கு ஒரு முறை பெரிய கொப்பரையில் மரப்பட்டையைக் கொதிக்கவிட்டு எல்லா வலையையும் அதில் வேகவைப்பார்கள். அன்று யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். கொப்பரைக்கு வீட்டுக்கு ஒரு சுமை விறகு கொடுக்க வேண்டும். விடிந்ததும் அவரவர் பங்கை வாசலில் அடுக்கி வைப்பது வழக்கம், யார் குறைத்தார்கள் என்று ஊருக்குத் தெரிய வேண்டுமே! தராசுக்காரர்கள் வந்ததும் அந்த நேரத்துக்குத்தான். கொப்பரை விறகைச் சமையல் விறகு என்று நிறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்களுக்கோ, இவர்கள் எதற்கு நிறுக்கிறார்கள் என்றே தெரியாது.

"சார், இங்க ஒரு வரி கீது" என்றேன். "அன்னிக்கு ஒரு கட்டுமரமும் கடலுக்குப் போவலேன்னு உங்க ஆளே எழுதிகீறாரு. தெனமும் இப்டித்தான்னா, நெட்டுக்குப்பத்துல தெனமும் எவனும் கடலுக்கே போறதில்லேன்னு ஆவுது. அப்ப இவங்கல்லாம் இன்னாத்த துன்றாங்க சார், விறகையா?"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. பேராசிரியர் சிரிக்கவில்லை. தாளை வாங்கி அந்த வரியைப் படித்தார். அப்புறம் காகிதக் கட்டில் இருந்த, வீடு வீடாக நிரப்பிய மற்றத் தாள்களைப் புரட்டினார். எல்லாவற்றிலும் அதே தேதி, அதே 'இல்லை'. வலை வேகவைப்பதைப் பற்றி ஜனங்கள் ஆளுக்கொரு பக்கம் சொல்லத் தொடங்கினார்கள். முகம் சிவக்க, இதை நாங்கள் கவனித்திருக்க வேண்டும் என்றார் அவர். ஆபீசர் மட்டும், அறிக்கை அச்சாகிவிட்டது, இனிமேல் மாற்ற முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அச்சானால் பொய் உண்மையாகிவிடுமா? பேராசிரியரே அவரிடம் தனியாகப் பேசினார். கட்டுமரங்கள் கடலுக்குப் போகிற நாலு நாள் வந்து மறுபடி நிறுப்பது, அதுவரை ஆறு லிட்டர் அப்படியே என்று எழுதிக் கொடுத்தார்கள். அதையும் நான் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் விட்டேன்.

கன்னியம்மா சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டாவது துண்டு போட்டபோதுதான், "அந்தச் சின்ன எழுத்தெல்லாம் உனக்குக் கண்ணு தெரியுதா நைனா?" என்று கேட்டாள். தெரிகிறது என்றேன்.

திரும்ப எண்ணூர் நிலையத்தில் மாலை நாலு நாற்பது பாசஞ்சர் ரயில். வந்தது ஐந்து ஐந்துக்கு. வண்ணாரப்பேட்டை வரை அறுபது காசு, பஸ்ஸைவிடச் சௌகரியம்.

இனிப் போகிறவர்களுக்கு: கூட்டம் தாமதமாகத்தான் தொடங்கும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அறிக்கையைக் கேட்காதீர்கள், அது இங்கிலீஷில் இருக்கும். உங்கள் குப்பத்தில் நிரப்பிய தாளைக் கேளுங்கள், அது தமிழில் இருக்கும். எந்தத் தேதியில் நிறுத்தார்கள், அன்று ஊரில் என்ன நடந்தது என்று பாருங்கள். சின்ன எழுத்தை விடாதீர்கள். படிக்க வராதவர்கள் நம் வகுப்பிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் வருகிறேன், பஸ் காசு கூட வேண்டாம்.

பேனா ஒன்று அவசியம் எடுத்துப் போங்கள். அந்தத் தாளிலிருந்து என் கைநாட்டை அழிக்கச் சொன்னேன். முடியாது, அது ஆவணம் என்றார்கள். சரி, இருக்கட்டும் என்று அதன் கீழேயே எழுதினேன்: 'அன்று வலை வேகவைத்த நாள். இது அன்றாடம் இல்லை. ஏழுமலை.' எழுதி முடிக்கும் வரை ஆபீசரின் ஜீப் கிளம்பாமல் நின்றது. அவசரப்படவில்லை நான்.