போன வீட்டில் தங்காத ஐந்து வாட்ஸ் பெட்டி

ஐந்து வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக ஆம்ப், செய்து விற்பது கல்யாணப் பந்தியில் அளவுச் சாப்பாடு போடுவதைப் போன்ற தொழில். ருசி எப்படி என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். இலையைப் பார்த்ததுமே முகம் சுருங்கிவிடும். சால்டரிங் அயர்னால் விரலைச் சுட்டுக்கொண்ட என் இனத்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். அதை விட்டுவிட்டு இதில் இறங்கினேன். செய்த பெட்டியெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது. அப்போதுதான் மில்லில் மறுபடி கூப்பிட்டார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லி. என் மனைவி செல்வி சண்டை போடவில்லை. "ஒரே ஒரு பெட்டி, போன வீட்டுலயே தங்கட்டும். இல்லைன்னா பேசாம மில்லுக்குப் போங்க" என்றாள்.

கனம்

முதலில் வந்தவர் லோடு வேன் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. பாட்டுப் போட்டுக் காட்டலாம் என்று நான் ஒயரைத் தேடுவதற்குள் பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். நம் பக்கம் ஆம்ப்பைக் காதால் வாங்குவதில்லை, கையால்தான் வாங்குவார்கள். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கனமாக இருந்தால் நல்ல ஆம்ப். என் பெட்டியில் இருப்பதோ உள்ளங்கை அகல போர்டு. கரண்டு வெளியே இருக்கும் ஒரு அடாப்டரிலிருந்து வரும். இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உள்ள வைக்க வேண்டியத வைக்க மறந்துட்டியோ, தம்பி?"

இரைச்சல்

அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கெட்டுப்போன ஸ்டெபிலைசரிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிப் பெட்டிக்குள் திருகி வைத்தேன். அதற்கு ஒரு ஒயர்கூடப் போகாது. சும்மா கனத்துக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக்காரர் ஒருவர் தூக்கிப் பார்த்து, "ம், சரக்கு இருக்கு" என்று வாங்கிப் போனார். மூன்றாம் நாள் பெட்டி திரும்பி வந்தது. அவருடைய பழைய ஆம்ப், போட்டதுமே 'ங்ஙொய்' என்று இரையுமாம். கடையைச் சாத்தும்போது அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் அணைப்பாராம். என் பெட்டி இரையாததால் இரண்டு நாளும் அணைக்காமலே போய்விட்டார். அந்த இரைச்சலைப் போக்க நான் எத்தனை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன் என்று எடுத்துச் சொன்னேன். அவர் அசரவில்லை.

"சத்தங்காட்டாத மிஷின எப்படித் தம்பி நம்புறது? எங்க ஃப்ரிட்ஜ்கூட ஓடுறேன் ஓடுறேன்னு சொல்லிக்கிட்டுல்ல ஓடுது!"

ஜோடி

அடுத்தவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். இவருக்காவது புரியும் என்று நம்பினேன். அவர் வீட்டில் ஹோம் தியேட்டரோடு வந்த ஒல்லியான ஸ்பீக்கர்கள் இருந்தன. பார்க்க ஒல்லி, தீனி அதிகம். ஐந்து வாட்ஸ் அவற்றின் கடைவாய்க்குக் காணாது. அகலமான பழைய காகிதக் கோன் ஸ்பீக்கர்தான் குறைந்த வாட்ஸில் நன்றாகப் பாடும். சொன்னேன், கேட்கவில்லை. பாட்டு முனகியது. பெட்டிக்குள் ஏதோ கோளாறு என்று அவரே திருகைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். மறுநாள் பெட்டியை என் மேஜையில் திறந்து வைத்து, பேனாவால் தொட்டுக் காட்டிக் கேட்டார்:

"இந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ன சார், கண்ணேறு படாம இருக்கவா?"

காது

மாதம் முடிய நான்கே நாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. அப்போது வந்தவர் பேச்சியம்மாள் அக்கா. அவர் கணவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி நூல் மில்லில் முப்பது வருஷம் ஓடுகிற மிஷின்களுக்கு நடுவிலேயே நின்றவர். காது மந்தம். டிவியை அலறவிட்டாலும் அவருக்கு வசனம் புரியாது, தெருவுக்கே புரியும்.

டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி எறிந்தேன். பழைய ரேடியோவின் காகித ஸ்பீக்கர் ஒன்றை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்து, பாஸ் என்னும் அடித்தொனியைக் குறைத்து, பேச்சு மட்டும் தெளிவாக வரும்படி செய்தேன். தணிவான சத்தத்தில் ஒரு நாடகம் முழுக்கப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாதக் கடைசி நாள் காலையில் சங்கரலிங்கம் அண்ணாச்சியிடமிருந்து போன். "வந்து எடுத்துட்டுப் போயிருங்க, தம்பி." பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செல்வி பையைப் பார்த்தாள், பிறகு சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். அதுதான் அதிகமாக வலித்தது.

"பெட்டியில ஒரு குறையும் இல்ல" என்றார் அண்ணாச்சி, நான் உள்ளே நுழைந்ததும் குரலைத் தாழ்த்தி. "முன்ன டிவி கத்தும். இவ எம்புட்டு பேசினாலும் காதுல விழலைன்னு இருந்துக்கிடுவேன். இப்ப அம்புட்டும் கேக்கு."

மில்லின் கேட் கண்முன் வந்து நின்றது. ஒயரைப் பிடுங்கக் கை நீட்டினேன். அடுப்படியிலிருந்து வந்த பேச்சியம்மாள் அக்கா பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"பெட்டி இங்கனதான் இருக்கும். போறதுன்னா அவிய போகட்டும்."

காலிப் பையோடு வீட்டுக்கு வந்து, மில்லுக்குப் போன் போட்டு வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஆம்ப்புக்கு ஏற்ற ஸ்பீக்கரைச் சேர்த்து வைப்பதோடு நம் வேலை முடிந்தது, அப்புறம் அந்த வீட்டில் யார் காதில் என்னென்ன விழும் என்பதற்கெல்லாம் நாம் கியாரண்டி கொடுக்க முடியாது.