மூன்று தரம் முடிந்த பாட்டு

என் பிள்ளைகளே,

பெரியப்பாவின் செத்தவீட்டில் ஏன் அந்த வெள்ளைக்காரப் பாண்ட் இசையைப் போட்டோம் என்று காரில் வரும்போது இரண்டு பேரும் கேட்டீர்கள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். கோபத்தினால் அல்ல, எனக்கே சரியாகத் தெரியாததால். இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் தெரிந்ததை எழுதுகிறேன். தெரியாததையும் எழுதிவிடுகிறேன்.

பெரியப்பா சாவகச்சேரியில் எங்கள் வீட்டு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா, எங்கள் தகப்பனார், காலமானதும் படிப்பை விட்டு, கொழும்பில் கடையொன்றில் நின்று எங்களைப் படிப்பித்தார். தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு ஜேர்மனிக்குப் போனார். அகதி முகாம், உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை என்று சில வருடங்கள். பெரியம்மாவை அங்கே கூப்பிட்டுத்தான் கலியாணம் செய்தார். பின்னர் லண்டனுக்கு வந்து மிச்சம் என்ற பகுதியில் குடியிருந்து, முதியோர் பகல் நிலையத்தின் மினிபஸ்ஸை ஓட்டினார். நான் இங்கே வந்து இறங்கிய அன்று தன் குளிர்கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, தனக்குக் குளிரவே இல்லை என்று பொய் சொன்னவர்.

ஆஸ்பத்திரியில் பேச்சுக் குறைந்துகொண்டு வந்தபோது என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

“தம்பி, என்னை எரிக்கேக்க அந்தப் பாட்டைப் போடு.”

“எந்தப் பாட்டு அண்ணை?”

“குசினிக்க, சமைக்கேக்க நான் போடுறது. முழுக்கப் போடு. இடையில நிப்பாட்டிப் போடாத.”

வேறு எந்தச் சடங்கைப் பற்றியும் அவர் ஒரு சொல் சொல்லவில்லை. இதையாவது பிழை விடாமல் செய்து முடிக்க வேண்டுமே என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அவர் குசினியில் போடுகிற கசெற்றின் நாடா அறுந்துபோய்க் கிடந்தது. அதில் பெயரும் இல்லை. பாட்டு என்கிறோமே தவிர, அதில் சொல்லே கிடையாது. ஊதுகிற வாத்தியங்களும் தாளமும்தான். பழைய இசைத்தட்டு விற்கும் கடையொன்றுக்குப் போய், வெட்கத்தை விட்டு வாயால் ஊதிக் காட்டினேன். கடைக்காரர் தலை நரைத்த வெள்ளைக்காரர். உடனே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் எது வேண்டும் என்று நாலு சீடியை எடுத்து முன்னால் வைத்தார்.

அவர் சொன்ன வரலாறு எனக்கு விளங்கிய அளவில் இதுதான். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர், அமெரிக்காவில் சனம் பெரிய மண்டபங்களில் பாண்டுக்கு ஆடிய காலம். அந்த மெட்டின் முதல் துண்டை ஒருவர் வேறு பெயரில் வாசித்திருந்தாராம். இன்னொருவர் அதை எடுத்து இன்னொரு பாண்டில் வாசித்தாராம். வேறொருவர் தாளில் எழுதித் தன் பெயரைப் போட்டார். ஒரு பாண்டுக்குக் கொடுத்தபோது நீளம் கூடிப்போய் இசைத்தட்டில் கொள்ளவில்லை. கடைசியில் வேறொரு பாண்ட்காரர் வாங்கி, வேண்டாததை வெட்டி எறிந்து வாசிக்க, உலகமெல்லாம் பரவிவிட்டது. பட்டாளத்தோடு லண்டனுக்கும் வந்தது.

அப்படியென்றால் இது யாருடைய பாட்டு என்று கேட்டேன். தானும் கன காலமாக அதைத்தான் யோசிப்பதாகச் சொன்னார். நாலையும் போட்டுக் காட்டினார். எல்லாம் ஒன்றுபோலவும் இருந்தது. ஒன்றும் அதுவல்ல என்பதுபோலவும் இருந்தது. அதிகம் விற்பது எதுவென்று கேட்டு வாங்கி வந்தேன். பெரியம்மா இருந்த நிலையில் அவவுக்குப் போட்டுக் காட்டி, இதுதானா என்று கேட்க மனம் வரவில்லை.

கிங்ஸ்பரியிலிருந்து வந்த பெரியம்மாவின் தமையனார், நீங்கள் தேவார மாமா என்று கூப்பிடுபவர், சம்மதிக்கவில்லை.

“செத்தவீட்டில பாண்டோ? சனம் என்ன கதைக்கும்?”

“சனம் கதைக்கத்தானே அண்ணை வாறது,” என்றா பெரியம்மா. “அவர் கேட்டதைப் போடுவம். அது முடிய நீங்கள் தேவாரம் பாடுங்கோ.”

“எவ்வளவு நேரம் போகும்?”

“உங்கட தேவாரத்திலும் பார்க்கக் குறைவு.”

அதன் பிறகு நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். தகன மண்டபத்தில் இசை ஓடியது. கடைசிப் பகுதியில் சத்தம் குறைந்து குறைந்து இல்லாமல் போனது. மாமா எழும்பி, தொண்டையைச் செருமி, தேவாரத்தைத் தொடங்கினார். முதலடி முடியவில்லை, பாண்ட் திரும்பவும் எழும்பியது. அவர் கதிரையில் இருந்துவிட்டார். மறுபடி குறைந்தது, அடங்கியது. மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் எழும்பி வாய் திறக்கவும் முழு பாண்டும் சேர்ந்து முழங்கியது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நிப்பாட்டச் சொல்லி மாமா கையைக் காட்டினார். அண்ணையின் சொல் நினைவில் நின்றதால் நான் அசையவில்லை.

மூன்றாம் தரம் பெருஞ்சத்தத்தோடு முடிந்தது. ஆனால் ஒருவரும் நம்பவில்லை. மண்டபம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. எனக்கும் தெரியவில்லை. அப்போது பெரியம்மா, சவப்பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், மெல்லச் சொன்னா:

“முடிஞ்சுது அண்ணை. இப்ப பாடுங்கோ.”

நான் வாங்கி வந்தது சரியான தட்டுத்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெளியே கைத்தடியோடு ஒரு வெள்ளைக்கார அம்மா என் கையைப் பிடித்தா. பகல் நிலையத்தில் வியாழக்கிழமைகளில் ஆட்டம் நடக்குமாம். ஆண்கள் குறைவு. உங்கள் பெரியப்பா மினிபஸ்ஸை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, அந்த அம்மாமார் ஒவ்வொருவரோடும் முறைவைத்து ஆடுவாராம். எங்கள் ஒருவருக்கும் தெரியாது. இந்தப் பாட்டைச் சின்ன வயதில் தகப்பனாரின் றேடியோவில் கேட்டதாக அவவிடம் சொல்லியிருக்கிறார். நானும் அந்த வீட்டில்தான் வளர்ந்தேன். ஐயா செய்தி முடிந்ததும் றேடியோவை நிப்பாட்டிவிடுவார்.

பெரியம்மாவைக் கேட்டேன்.

“இல்லை. ஜேர்மனியில, முகாமுக்குக் கிட்ட அமெரிக்கன் பட்டாளம் இருந்தது. அவையின்ர றேடியோவில கேட்டது எண்டுதான் எனக்குச் சொன்னவர்.”

“அப்ப எது உண்மை அண்ணி?”

“எனக்குச் சொன்னது எனக்கு உண்மை.”

இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை, பிள்ளைகள். நீங்கள் வளர்ந்து கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள்.

செய்தி கேட்டு ஓடி வந்தவர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறும் கறியும் கொண்டுவந்த மிச்சம் அயலவர்களுக்கும், நேரம் கடந்தும் எங்களை அவசரப்படுத்தாத மண்டப ஊழியருக்கும், மூன்று தரம் எழும்பிய மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

இதை எழுதி முடித்த பின்னேரம் வீட்டில் ஒருவரும் இல்லை. முன்னறையில் இருந்த சின்ன மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, சீடியைப் போட்டேன். நடுவில் போய் நின்றேன். எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்று தெரியவில்லை. வலது காலை வைத்தேன்.