தட்டின் விளிம்பில் ஒரு மாத்திரை

எவர்சில்வர் தட்டின் விளிம்பில், மோர்சாதம் ஒட்டாத இடத்தில், ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. கரமனை வீட்டில் என் மாமனாரின் சாப்பாடு அதோடுதான் முடியும். எடுத்து வைப்பது என் வேலை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் அது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு எழுதிக் கொடுத்தது.

கல்யாணத்துக்கு முன்பு நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் இதே மருந்தைத்தான் புற்றுக்கட்டி உள்ள எலிகளுக்குக் கொடுத்தோம். கட்டி வளர இரத்தம் வேண்டும். அதற்காகப் புது இரத்தக் குழாய்களைத் தன் பக்கம் வளரவைத்துக்கொள்ளும். கட்டியை மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றிய கண்ணாடித் தகட்டில் அவை பழுப்புக் கோடுகளாகத் தெரியும். அதிக அளவு மருந்து போன எலிகளில் கோடுகள் குறைந்தன. குறைந்த அளவு போனவற்றில் சிலசமயம் கூடவும் செய்தன.

அதனால்தான், மாமனாருக்குச் சிறுநீரகத்தில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்த அன்று, மாத்திரைப் பட்டையோடு சமையலறையிலேயே நின்றுவிட்டேன். அவருடையது குறைந்த அளவு. கட்டிக்கு நானே தீனி போடுகிறேனோ? நிறுத்தினால் இதயம் என்னாகும்? ஒன்றுக்குப் பதில் இரண்டு மாத்திரை கொடுத்தால்?

"என்னடி கொழந்தே, மாத்திரைய மொறச்சுண்டு நிக்கறே? அது உன்ன என்ன பண்ணித்து?"

சொன்னேன். மாமனார் கணக்கராக இருந்து ஓய்வுபெற்றவர்; குறுக்கிடாமல் கேட்டார்.

"உன் எலி என்ன எடை இருக்கும்?"

"இருபது, இருபத்தஞ்சு கிராம்ப்பா."

"அதுக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கோ?"

"இல்லப்பா."

"எனக்கு வெச்சிருக்கு, கேட்டியா. உன் எலி நல்ல எலிதான், இல்லேங்கல. ஆனா நான் எலியாடி? டாக்டரக் கூப்டுக் கேளு."

கேட்டேன். நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்; எலியில் கண்டதை வைத்து மனிதருக்கு அளவை மாற்ற முடியாது என்றார் டாக்டர். அறுவை சிகிச்சையில் கட்டியை எடுத்தார்கள். அதன்பிறகு நான் மாத்திரை வைக்கும்போதெல்லாம் மாமனார் எலி மாதிரி முகத்தைக் கூராக்கி "கீச்" என்பார். என் மகள் பேசப் பழகியபோது அவளும் கூடவே "கீச்" என்பாள். சில வருஷங்கள் எங்கள் சாப்பாட்டு நேரம் அந்தச் சத்தத்தோடு போயிற்று. போன மழைக்காலத்தில் அவர் இதயம் நின்றது. அந்த மாத்திரையைப் பற்றி இப்போதும் சில நாட்களில் யோசிக்கிறேன். யோசிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

நேற்று மகளுக்குக் காய்ச்சல். மருந்தை மூடியில் ஊற்றிவிட்டு, இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமோ என்று போனில் எதையெதையோ படித்துக்கொண்டிருந்தேன். பிறகு படிப்பதை விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். எழுதிய அளவே போதும் என்றார். மூடியை அவள் தட்டின் விளிம்பில் வைத்தேன். அனலாய்ச் சிவந்த முகத்தை அவள் கூராக்கிக்கொண்டாள்.

"கீச்."