இரண்டு ஆன்டிவைரஸ் போட்ட நெசவாளி

பட்டுப்புடவைக்குப் பார்டர் டிசைன் போடுவதற்காக வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம். பக்கத்துத் தெரு தறிக்காரரின் டிசைன்களையெல்லாம் வைரஸ் அழித்துவிட்டது என்று கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இரட்டை இழைப் புடவைதான் கெட்டி என்று பழகிய நெசவுக்காரப் புத்தி எனக்கு. ஆன்டிவைரஸையும் இரண்டாகப் போட்டேன்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டது. ஒரு கல்யாணப் புடவைக்காக மூன்று வாரம் வரைந்த டிசைன் உள்ளே மாட்டிக்கொண்டது. வேறு பிரதியும் கிடையாது.

செவிலிமேட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ரெஹானாவைக் கூப்பிட்டேன். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ரெண்டும் ஒண்ண ஒண்ணு திருடன்னு நெனச்சிக்கினு சண்ட போடுதுண்ணா. ஊடு நூல் ஓட்டுற ஒரே நாடாவ ரெண்டு பேர் புடிச்சி இழுத்தா தறி ஓடுமா?"

"அப்போ எத வச்சிக்கிறதும்மா?"

"ஆன்டிவைரஸ் பொட்டி மேல இருக்கிற படத்தப் பாக்காதீங்க. உங்க பழைய மிஷினு எதத் தாங்குது, எது அடிக்கடி புதுசாக்கிக்கிது, அத மட்டும் பாருங்க."

கம்ப்யூட்டரை ஒருவழியாக எழுப்பி, முதலில் டிசைனை சிடியில் பத்திரப்படுத்தினார். அப்புறம்தான் ஒன்றை நீக்கினார். அறுந்த இழையைப் பிணைக்கிற பொறுமை அந்த விரல்களில் இருந்தது. எங்கள் தொழிலிலேயே அப்படிப்பட்ட கை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இப்போது ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் அதைப் புதுப்பித்து, டிசைன்களை சிடியில் ஏற்றி ஜரிகைப் பெட்டியில் வைக்கிறேன். போன மாதம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர், "இன்னொரு ஆன்டிவைரஸ் இலவசமாத் தரேன், போட்டுக்கங்க" என்றார்.

"பட்டு நூலா இருந்தா குடுப்பா, வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.