பூஜ்ஜியம் போட்ட ஆமை

திருவொற்றியூரில் நான் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த யார்டில், ஒரு நாள் கடல் தண்ணீர் புகுந்த கன்டெய்னர் ஒன்றைத் திறந்தோம். உள்ளே அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாகப் படம் போட்ட சீட்டுகள். நனைந்த சரக்கை வாங்க வேண்டியவர் வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் எடைக்குப் போட்டார்கள். யார்டு வாசலில் டீக்கடை வைத்திருந்தவர் ஒரு மூட்டை வாங்கி, கடையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் காயவைத்தார். பாதியைக் காற்று கொண்டுபோயிற்று. சாலையில் லாரிகளுக்கு மேலே சிங்கமும் சிறகு வைத்த மீனும் பறந்து போனதை நான் டீ கிளாசோடு நின்று பார்த்தேன். மீதியை டீ குடிக்க வருகிறவர்களுக்கு ஒன்றிரண்டாகக் கொடுத்தார்.

ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மிருகம், மூலையில் ஒரு எண், கீழே பொடிப்பொடியாக ஏதோ ஒரு நாட்டு எழுத்து. நான் ஐந்தாவதோடு நின்றவன். எழுத்தைக் கண்டால் எனக்கு ஒரு கூச்சம் உண்டு. இந்த எழுத்தை எங்கள் சூப்பர்வைசராலேயே படிக்க முடியவில்லை. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை.

விளையாட்டின் விதி அந்த எழுத்தில்தான் இருந்திருக்கும். படிக்கத் தெரியாததால் நாங்களே விதி போட்டுக்கொண்டோம். ஆளுக்கு ஒன்பது சீட்டு. எண்களைக் கூட்டினால் ஐந்நூறைத் தாண்டக்கூடாது. கன்டெய்னருக்கு எடை வரம்பு இருப்பது போல. யார்டுக்குப் பக்கத்துக் கேரம் கிளப்பில்தான் ஆட்டம். சீட்டைக் கலைத்தால் சூதாட்டம் என்று போலீஸ் வரும், காசு வைத்தாலும் வரும் என்று கிளப்காரர் பயந்தார். அதனால் கலைப்பது கிடையாது. அவரவர் வீட்டிலேயே வரிசை அடுக்கிக்கொண்டு வரவேண்டும். எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். பெரிய எண் ஜெயிக்கும். ஒன்பதில் ஐந்து எடுத்தவர் வென்றவர். தோற்றவர் தன் ஒன்பதையும் விரித்து வைக்க, வென்றவர் அதில் ஒன்றை எடுத்துக்கொள்வார்.

ஆக, ஆட்டம் முழுக்க அடுக்குவதில்தான் இருந்தது. மணலியில் டேங்கர் ஓட்டுகிறவர் பெரிய எண்களையெல்லாம் முன்னால் வைப்பார். இறக்கத்தில் போகிற வண்டி மாதிரி கடைசியில் ஒன்றுமிருக்காது. எங்கள் கிரேன் ஆபரேட்டரிடம் நான்கு பெரிய சீட்டுகள் இருந்தன. அவற்றில் பெரிய இரண்டை எப்போதும் முதலில் இறக்குவார். மற்ற இரண்டை எங்கே ஒளிப்பார் என்று ஆளுக்கு ஆள் மாற்றுவார். நடுவில் எல்லாம் முப்பது, இருபத்தைந்து என்று பொடிசுகள். என் அடுக்கில் யானையும் இல்லை, எலியும் இல்லை. எட்டுச் சீட்டுகள் ஐம்பத்தைந்திலிருந்து எழுபதுக்குள். கூட்டினால் சரியாக ஐந்நூறு. ஒன்பதாவது, பூஜ்ஜியம் போட்ட ஒரு ஆமை. அதன் முதுகில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னிடம் இருந்ததே அந்த ஒன்பதுதான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். காலடிப்பேட்டையில் ஒற்றை அறை. மனைவி காத்திவாக்கத்துப் பெண், தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாப்பாடு, தண்ணீர், சாவி, இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வளரவில்லை. ஒரு சாயங்காலம் அவள் தரையிலிருந்த ஆமையைக் கையில் எடுத்தாள்.

"முதுவுல இன்னாத்துக்கு வெளக்கு?"

"தெரியல."

"எங்கூட்டாண்ட கரைல முட்ட போட வரும். திரும்பிப் போக வழி தெரிய வேணாமா, அதுக்குத்தான்" என்று அவளே பதிலும் சொன்னாள்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்ததும், "ஆமை சாப்ட்டுச்சா?" என்று கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்று புரிந்ததும், "சாப்ட்டுச்சு" என்றேன். பிறகு தினமும் அப்படித்தான். ஆமைக்கு முதுகு வலியா, ஆமைக்குக் கோபமா, ஆமை ஏன் இன்றைக்கு லேட்டு. எங்களுக்குள் நேராகக் கேட்க முடியாத எல்லாவற்றையும் அதன் முதுகில் ஏற்றினோம். அந்த மாதங்களை நினைத்தால், மணலிப் பக்கத்துப் புகைக்குள் மங்கலாக ஒரு விளக்கு நடந்து போவது போலத்தான் தோன்றுகிறது.

கிளப்பில் பெரிய போட்டி வைத்தார்கள். எனக்கு முதல் ஆட்டமே கிரேன் ஆபரேட்டரோடு என்று சனிக்கிழமையே தெரிந்துவிட்டது. தோற்றால் ஒரு சீட்டு போகும். நான் போகவில்லை என்றேன். அவள் தையல் கம்பெனியில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். தரையில் சீட்டுகளைப் பரப்பினாள்.

"அந்தாளு மொதல்ல இன்னா வைப்பாரு?"

"தொண்ணூத்தஞ்சு. எப்பவும் அதான்."

"அத்தத் தாண்டறது நம்மகிட்ட கீதா?"

"இல்ல."

"அப்ப எத வச்சாலும் தோக்கத்தானே போவுது? ஆமைய வைங்க. நல்ல சீட்ட ஏன் அங்க வுடணும்?"

அவள் சொன்னது சரி. எனக்கு வந்த பயம் வேறு. "எல்லாரும் சிரிப்பாங்க" என்றேன்.

"சிரிக்கட்டுமே." ஒன்பதையும் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தாள். "ஆமைய மட்டும் திரும்பிக் கூட்டினு வந்துருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப் நிறைந்திருந்தது. கேரம் பவுடர் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. ஆபரேட்டர் என்னைப் பார்த்ததும், "இன்னா மாமு, வூட்ல பர்மிசன் குட்த்தாங்களா?" என்றார். பக்கத்து மேசையில் ஒருவர் முதல் சீட்டாகப் பத்தைத் திருப்பினார். விசிலும் சிரிப்பும் கூரையைத் தொட்டன. பின்பக்கம் தண்ணீர் டிரம் இருந்த இடத்துக்குப் போனேன். ரப்பர் பேண்டைக் கழற்றி, ஆமையை முதலிலிருந்து எடுத்து ஐந்தாவதாகச் செருகினேன். ஐந்தாவதாக இருந்த எழுபது போட்ட நண்டை முதலில் வைத்தேன். நடுவில் வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

என் நண்டு தொண்ணூற்றைந்தின் முன்னால் வீணாயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றும் நான்கும் எனக்கு. ஐந்தாவதில் அவர் முப்பதைத் திருப்பினார். நான் பூஜ்ஜியத்தைத் திருப்பினேன்.

"ஐய, முட்ட! ஆமை முட்ட போட்டுச்சுபா!"

எந்தச் சிரிப்புக்குப் பயந்தேனோ அது வட்டியும் முதலுமாக வந்தது. ஆறும் ஏழும் என் பக்கம் வந்தன. எட்டாவதில் அவர் ஒளித்து வைத்திருந்த எண்பத்தைந்து, ஒன்பதாவதில் எண்பது. நான்குக்கு ஐந்து.

சீட்டுகளை விரித்து வைத்தேன். என் கட்டைவிரல் ஆமையின் மேல் இருந்தது எனக்கே தெரியவில்லை. அவர் நண்டுக்குக் கை நீட்டியவர் நிறுத்தினார்.

"வெரல எடு மாமு. இத்த இன்னாத்துக்கு மறைக்கற? இதுல இன்னாவோ கீது." ஆமையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் மோசமான ஆள் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார். எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

வெயிலில் நடந்தே வந்தேன். அவள் வாசலில் நின்று, "ஆமை சாப்ட்டுச்சா?" என்றாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன். டிரம் பக்கத்தில் வரிசையை மாற்றியது, விரலை வைத்தது, வாய் வராதது. அத்தனை நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவள் திட்டவில்லை. மீதி எட்டையும் வாங்கித் தரையில் பரப்பினாள். அன்று ஆபரேட்டர் திருப்பிய வரிசை எனக்கு மனப்பாடமாக இருந்தது. நான் சொல்லச் சொல்ல எதிரே சாக்பீஸால் எழுதினாள். ஆமைக்குப் பதில் முதலிடத்தில் தீப்பெட்டியை வைத்தாள். நண்டு ஐந்தாமிடத்துக்குத் திரும்பியது. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஐந்துக்கு நான்கு, எங்களுக்கு.

"ஜெயிச்சிருப்போம்" என்றாள். தீப்பெட்டியை விரலால் நேராக்கி, "ஆமை எப்டி கீதுன்னாவது அவராண்ட கேளுங்க" என்றாள்.

திங்கட்கிழமை கிரேன் அடியில் போய் நின்றேன். ஆபரேட்டர் கேபின் கண்ணாடியில் ஆமையை உள்ளிருந்து ஒட்டியிருந்தார். அது கன்டெய்னர் அடுக்குகளுக்கு மேலே, மெதுவாகக் கடல் பக்கம் திரும்பி, மெதுவாக இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. கையைக் குவித்துக் கத்தினேன்.

"ஆமை சாப்ட்டுச்சா?"

யார்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையை வெளியே நீட்டினார். "இன்னாது?"

"ஆமை! சாப்ட்டுச்சா?"

அவர் கண்ணாடியில் இருந்த ஆமையை ஒரு தரம் பார்த்தார். "இப்பத்தான் டீ குட்ச்சுது மாமு!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் அவளிடம் சொன்னேன். அவள் அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டியைக் கையில் எடுத்தபடி நின்றாள்.

"அவ்ளோ ஒசரத்துல கடலு தெரியும்ல?"

"தெரியும்" என்றேன். "அந்தப் பக்கம்தான் பாத்துகினு கீது."