அட்டைக்கு அஞ்சிய அறிக்கை: றக்வான மலையில் ஓர் எண்ணெய்க் கசிவு

கப்பல் எண்ணெய் கசிந்த பின் கடலடிச் சேற்றில் எந்த உயிர் எஞ்சியிருக்கிறது என்று மதிப்பிடுவது என் தொழில். கடல் கண்ணுக்கே எட்டாத றக்வான மலைக்குச் சென்ற பெப்ரவரியில் நான் போகக் காரணம், தபாலில் வந்த, இரத்தினபுரிச் சுற்றாடல் அலுவலகத்தின் இரண்டு பக்க அறிக்கை. தேயிலைத் தொழிற்சாலையின் டீசல் தாங்கி ஓடையில் கசிந்திருந்தது. ஆனால் ‘மேலும் கீழும் எடுத்த மாதிரிகளில் வேறுபாடில்லை, ஓடைக்குப் பாதிப்பில்லை’ என்றது அறிக்கை. அதை நம்பி, தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் நாற்பத்திரண்டு குடும்பங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டியைப் புதன்கிழமையோடு நிறுத்த முடிவாகியிருந்தது. பிறகு குடிப்பதற்கு அந்த ஓடைதான். அறிக்கையை எனக்கு அனுப்பியவர் செல்வமணி; கொழுந்து பறிப்பவர், லயத்துக் குடிநீர்க் குழுவின் செயலாளர்.

சனிக்கிழமை காலை 6.10க்கு இரத்தினபுரியில் பஸ் ஏறி, 8.20க்கு றக்வானவில் இறங்கினேன். தோட்டத்துக்கு ஒன்பது கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்கு 1,400 ரூபாய். (ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.) தொழிற்சாலைக்குக் கீழேயுள்ள பாலத்தில் சாரதி நிறுத்திவிட்டார். “இதுக்கங்கால ரோட் இல்ல சேர். அட்டை மட்டுந்தான் ஈக்கு.”

பாலத்தில் காத்திருந்த செல்வமணியிடம், மாதிரிகளை எங்கே எடுத்தார்கள் என்று கேட்டேன்.

“பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு போத்தலு, அந்தப் பக்கம் ஒரு போத்தலுங்க.”

“தொழிற்சாலைக்கு மேலே?”

“ஏறச் சொன்னேங்க. சப்பாத்துல ஒரு அட்டையப் பார்த்ததும், அறிக்கை எழுதின ஆபிசர் மாத்தயா வேனுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டாரு. அட்டைக்கு எங்க ரத்தந்தானுங்க பழக்கம். அவரு ரத்தத்த அது சீண்டியிருக்குமான்னே சந்தேகம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கசிவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று: ஒப்பீட்டின் முதல் விதி இது. இவர்களோ பிணத்தோடு பிணத்தை ஒப்பிட்டு, இரண்டும் நலம் என்று கையொப்பமிட்டிருக்கிறார்கள். அதுவும் மேல்தண்ணீரைப் போத்தலில் அள்ளி! எண்ணெய் தங்குவது அடிச்சேற்றில்.

இருவரும் நாற்பது நிமிடம் ஏறினோம். தொழிற்சாலைக்கு மேலே, முழங்கால் ஆழத்தில் பத்துக் கற்களைப் புரட்டினேன். எல்லாவற்றின் அடியிலும் உயிர்: பூச்சிப் புழுக்கள், நத்தைகள், நகமளவு நண்டுகள். இறங்கிவந்து பாலத்தடியில், அதே ஆழத்தில், அதே அளவான பத்துக் கற்களைப் புரட்டினேன். ஒன்றுமில்லை. சேற்றைக் கிளறியதும் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. செல்வமணி அதை விரலால் தொட்டு முகர்ந்தார்.

“இதத்தான் பிள்ளைகளுக்குக் குடுக்கச் சொல்றாங்களா சேர்?”

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு இரத்தினபுரி அலுவலகத்தில், அறிக்கையில் கையொப்பமிட்ட அதிகாரியின் மேசையில் நான் எடுத்த கற்களின் படங்களையும் உயிர்க் கணக்கு அட்டவணையையும் பரப்பினேன். தோட்டத்துக்குள் மாதிரி எடுக்க எனக்கு அனுமதி உண்டா என்று கேட்டார். விதியைப் பற்றி என்னிடம்! மாதிரி எடுப்பது பற்றிய அவருடைய அலுவலகச் சுற்றறிக்கையில் ‘கசிவுக்கு மேலே’ என்றிருந்த வரியை அவரையே வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். புதன்கிழமை மறுபரிசோதனை, முடிவு வரும்வரை பவுசர் ஓடும் என்று எழுதித் தந்தார். விடைபெறும்போது ஒரு சவர்க்காரக் கட்டியை அவர்முன் வைத்தேன்.

அந்தப் பக்கம் செல்வோருக்கு: அட்டை ஏறாதிருக்க, காலில் சவர்க்காரத்தைத் தேய்த்து, காற்சட்டை முனையைக் காலுறைக்குள் செருகுங்கள். அட்டை கடித்தால் சிறிது இரத்தம் போகும், ஆள் போகமாட்டார். தெளிந்த தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கல்லைப் புரட்டுங்கள்.

புதன் மாலை செல்வமணி அழைத்தார். “மாத்தயா ஏறிட்டாருங்க. மூணு அட்டை. கத்தினது லயம் வரைக்கும் கேட்டுச்சு. ஆனா கல்லப் பொரட்டினப்புறம், மேல்தண்ணிய விட்டுட்டு அடிச்சேத்தத்தான் போத்தல்ல அள்ளினாருங்க.”