ஆயக்குடித் தோப்பில் இலை பிடித்து வைத்த வாசம்

ஆயக்குடிக்குக் கொய்யா வாங்கப் போவதென்றால் எப்போது போகலாம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். நான் முதல்முதலாக அங்கே போனது 1960களின் நடுவில், ஒரு தை மாதம், பொங்கல் விடுமுறையில். அப்போது திண்டுக்கல்லில் பெண்கள் பள்ளி ஒன்றில் விஞ்ஞானம் நடத்திக்கொண்டிருந்தேன். என்னோடு படித்த ஜைத்தூனும் அவள் வீட்டுக்காரர் காதரும் தோல் வியாபாரத்தை விட்டுவிட்டு, ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோப்பைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார்கள். "பழம் பறிக்கிறதுக்குள்ள வந்து பாத்துட்டுப் போடி" என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

காலையில் பழனி பஸ் ஏறினேன். ரெட்டியார்சத்திரம் தாண்டி, ஒட்டன்சத்திரத்தில் மூட்டை ஏற்ற வெகுநேரம் நின்று, முப்பது மைல் சொச்சத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. இடதுபக்க ஜன்னலோரம் உட்காருங்கள், மலை கூடவே வரும்.

தோப்பில் காதர் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் பொழுது சாயும்போது ஒரே ஒரு மரத்தில் பழுப்பு நிற அந்துப்பூச்சிகள் திமுதிமுவென்று வந்து மொய்த்தனவாம். தோப்புக்குச் சொந்தக்காரரான கவுண்டர் அதைப் பார்த்துவிட்டார். போன வருஷம் பக்கத்துத் தோப்பைக் கம்பளிப்பூச்சி மொட்டையடித்திருந்தது. அந்தப் பயத்தில், நான் போன அன்றைக்கு மறுநாளே தோப்பு முழுக்க மருந்தடிக்க ஆளுக்குச் சொல்லிவிட்டார்.

"பறிப்புக்கு ஒரு வாரங்கூட இல்ல டீச்சர். மருந்து பட்ட பழத்த மதுர வியாபாரி தொடுவானா? அவன் தொட்டாலும், அடுத்தவன் புள்ள திங்கிறதுக்கு நாம விக்கலாமா?" என்றார் காதர்.

அங்கே வந்த கவுண்டரும் பொல்லாதவர் இல்லை. "பழம் போனா ஒரு வருசந்தானுங்க பாய். மரமே போச்சுன்னா என்னங்க பண்றது?" என்றார்.

சாயங்காலம் அந்த மரத்தடியில் நின்றோம். வெயில் இறங்கியதும் பூச்சிகள் வந்தன. ஆனால் மரம் முழுக்கப் போகவில்லை. கைக்கெட்டும் உயரத்தில் இருந்த ஒரு கொப்பையே சுற்றிச்சுற்றி, அதன் இலைகளில் மோதின, மேலே ஊர்ந்தன. நாலைந்தைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் சீப்புப் பல் மாதிரி அகலமான உணர்கொம்பு. அத்தனையும் ஆண். ஆண் முட்டை வைக்காது, முட்டை இல்லாமல் கம்பளிப்பூச்சி வராது. ஆனால் ஆண்கள் இப்படிக் கூடினால் பக்கத்தில் ஒரு பெட்டை இருக்க வேண்டும். இலை இலையாகத் தேடினோம். இல்லை.

"பெட்டைன்னா, கொழுகொழுன்னு, பறக்கமாட்டாம கெடக்குமே, அதா?" என்றாள் ஜைத்தூன்.

அணிலுக்குப் பயந்து அந்தக் கொப்பில் இருந்த பெரிய பழங்களுக்குக் கொசுவலைத் துணியைக் கட்டியிருந்தாளாம். எனக்குக் கொடுப்பதற்காக அன்று காலையில் அவிழ்த்தபோது, உள்ளே புழு கட்டிய ஒரு கூடும் அதிலிருந்து வந்த பூச்சியும் இருந்திருக்கின்றன. பூச்சியைக் கோழிக்குப் போட்டுவிட்டு, துணியை வெந்நீரில் அலசிவிட்டாள்.

"அதக் காலையிலயே கோழி தின்னுருச்சே. இப்ப எதத் தேடி வருதுக?"

பெட்டை விடும் வாசம் நம் மூக்குக்குத் தெரியாது, ஆணுக்குத் தெரியும் என்று படித்திருந்தேன். செத்த பிறகுமா? நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்: "பூவக் கழட்டி வச்சாலும் காலையில தலகாணியில மல்லிக வாசம் நிக்கிதுல்ல? அது மாதிரி எலையில நிக்கிதோ என்னமோ."

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அந்தக் கொப்பை வெட்டினோம். காதர் அதைத் தோப்பின் மறுகோடிக்குத் தூக்கிப்போய்க் கிணற்றடிக் கல்தூணில் கட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. அப்புறம் ஒன்று வந்தது. இன்னொன்று. இருட்டுவதற்குள் தூணைச் சுற்றி ஒரே படபடப்பு. மரத்தடியில் ஏழெட்டுப் பூச்சிகள்தான் மிச்சம்.

கவுண்டர் தூணையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க டீச்சரம்மா, அப்ப எல போற பக்கந்தான் பூச்சியும் போகுதுங்களா?"

"அப்படித்தான் தெரியுதுங்க. இருந்தாலும் என் பேச்சை நம்ப வேண்டாம். விடிஞ்சதும் எல்லா மரத்தையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

விடிந்ததும் நாலு பேரும் வரிசை வரிசையாகப் போய் இலைகளைப் புரட்டிப் பார்த்தோம். அங்கங்கே சில கூடுகள் இருந்தன, பிய்த்து நசுக்கினோம். முட்டையும் இல்லை, புழுவும் இல்லை. மருந்தடிக்கிறவர் சைக்கிளில் வந்து நின்றார். "இப்பத்திக்கு வேண்டாமுங்க" என்று, ஒரு கூடைப் பழம் கொடுத்து அவரைத் திருப்பியனுப்பினார் கவுண்டர். காதர் கிணற்றடியில் முகம் கழுவினார், மரத்தடியில் துண்டை விரித்தார், அப்படியே தூங்கிப்போனார். "எழுப்பிறாத, ராத்திரி பொட்டுக் கண்ணு மூடல" என்று சொன்ன ஜைத்தூன், அதன் பிறகுதான் என்னை ஊர்க்கதை கேட்டாள்.

இலையின் மேலுள்ள மெழுகு அந்த வாசத்தை உறிஞ்சிக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும் என்று வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், பூச்சி இல்லாத இலையைத் தேடியும் பூச்சி வரும் என்பதுதான். பயந்த அவசரத்தில் ஒரு தோப்பையே விஷத்தில் நனைத்திருப்போம்.

கேட்டவர்களுக்கு: தை, மாசியில் காலையிலேயே போய்விடுங்கள். இப்போது பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ரோட்டோரம் வாங்காமல் தோப்புக்குள் போய் வாங்குங்கள். கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடம் ஒரு பழம்கூட வாங்காதீர்கள்.